மாமாவின் இருதயமும் தோட்டத்துக் கால்வாயும்

இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்று யாராவது சொன்னால் நம் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருக்கும் குழாய்தான். எண்ணெய்யும் பிசுக்கும் நாளடைவில் உட்புறம் முழுவதும் ஒரே சீராகப் படிந்து, ஒரு நாள் தண்ணீர் இறங்காமல் நின்றுவிடுகிறது அல்லவா, அதுபோலத்தான் இருதயத்திலும் நடக்கிறது என்பது நம்மில் பெரும்பாலோரின் எண்ணம். ஆனால் நம் உடம்பிலுள்ள குழாய்கள் அப்படி அடைப்பதில்லை. ஒரே மனிதருக்குள், ஒரே இரத்தம் ஓடும் ஒரே குழாயில், ஒரு விரற்கடை இடம் முழுக்கக் கொழுப்புத் திட்டாக இருக்கும். அதற்கு அடுத்த விரற்கடை குழந்தையின் குழாயைப்போல் வழவழப்பாக இருக்கும். ஏன் இந்த ஓரவஞ்சனை?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் புத்தகங்கள் பல உண்டு. எனக்கு முதலில் விடை சொன்னவர் புத்தகம் படித்தவர் அல்லர். கிள்ளானுக்கு வடக்கே, காப்பார் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் கால்வாய் சுத்தம் செய்த என் தாய்மாமன்தான் அவர்.

மாமாவுக்கு இப்போது அறுபத்தைந்து வயது. பதினைந்து வயதில் பெரட்டுக்குப் போக ஆரம்பித்தவர். முதலில் பால்மரக் காட்டில் வேலை; மரங்களை அழித்துச் செம்பனை போட்ட பிறகு கால்வாய் வேலை. கடலோரத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே நிலம் கைத்தாளம்போலத் தட்டை. கால்வாய் இல்லையென்றால் செம்பனை வேர் அழுகிப் போகும். பெரிய கால்வாயிலிருந்து சின்னது பிரிந்து, சின்னதிலிருந்து இன்னும் சின்னது பிரிந்து, காடு முழுக்க வலைபோல ஓடும். கடல் ஏறும்போது மதகை அடைப்பார்கள், இறங்கும்போது திறப்பார்கள். தோட்டத்தில் ஒரு பகுதி வீடமைப்புக்குப் போன பிறகு மாமா கிள்ளானுக்கு வந்து, மலிவு விலை அடுக்கு வீடொன்றில் குடியேறி, ஒரு கிடங்கில் ஜாகா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதி பன்னிரண்டு ஆண்டுகளாக உண்டு. புகை பிடிப்பதில்லை. திருவிழா நாளில்கூட மதுவைத் தொடமாட்டார்.

2023 தைப்பூசத்தன்று பத்துமலையில் குடும்பத்தோடு படி ஏறினோம். மொத்தம் 272 படிகள். பாதி வழியில் மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நெஞ்சில் யாரோ செங்கல்லை வைத்து அழுத்துவதுபோல் இருக்கிறதாம். "ஒண்ணுமில்ல பாப்பா, வாயு. ரெண்டு வருசமா இந்த எடம் வந்தா இப்படித்தான்" என்றார். அத்தை கைப்பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்து நெஞ்சில் தேய்த்துவிட்டார். ஐந்து நிமிடம் நின்றதும் வலி போய்விட்டது. தைலத்தின் மகிமை என்று எல்லோரும் மேலே ஏறினார்கள்.

தைலத்தின் மகிமை அன்று, நின்றதன் மகிமை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நம் தோட்டங்களில் இந்த ஒரு விஷயம் புரியாமல்தான் பலர் காலம் தாழ்த்துகிறார்கள்.

இருதயம் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை உடம்பெங்கும் அனுப்புகிறது. அதில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு சிறு குவளை அளவு, தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. ஊருக்கெல்லாம் இறைக்கிற பம்பு தன் தாகத்துக்கு எடுத்துக்கொள்வது அவ்வளவுதான். படி ஏறினால் அந்தக் குவளை போதாது. மூன்று, நான்கு மடங்கு வேண்டும். இன்னொரு வேடிக்கை உண்டு. இருதயத்தின் இடப்புறத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் பாய்வது, அது சுருங்கி அடிக்கும்போது அன்று. அடித்து முடித்துத் தளரும் வேளையில். வேகமாகத் துடிக்கும்போது அந்தத் தளரும் நேரம் குறைந்துகொண்டே போகிறது. தேவை கூடும் வேளையில்தான் வரத்துக்கான நேரமும் சுருங்குகிறது. நல்ல குழாய்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. குறுகிய குழாய் வைத்திருப்பவருக்குத்தான் பத்துமலைப் படியில் செங்கல் அழுத்துகிறது. நின்றால் தேவை குறைகிறது, வலியும் போகிறது. வாயுவுக்கு இப்படிப் படிக்கணக்கு தெரியாது. ஒவ்வொரு முறையும் அதே அளவு சிரமப்படும்போது வந்து, ஓய்ந்தால் போகிற நெஞ்சு அழுத்தம் இருதயத்தின் குரல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

"ஈ.சி.ஜி. நல்லாத்தானே இருந்துச்சு?" என்று அத்தை கேட்டார். இருந்தது. முந்திய ஆண்டு ஒரு கிளினிக்கில் எடுத்ததில் கோடெல்லாம் சரியாகத்தான் இருந்தது. படுக்க வைத்து எடுத்தது அல்லவா? படுத்திருக்கும் மனிதரின் இருதயத்துக்குக் குறுகிய குழாயும் போதும். குழாய் குறுகக் குறுக, அதற்குக் கீழேயுள்ள நுண்ணிய குழாய்கள் தாமாகவே விரிந்து ஈடுகொடுக்கின்றன. வீட்டில் வருமானம் குறைந்தது பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று அம்மா தன் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வதைப்போல. அகலத்தில் பாதிக்கு மேல் அடைத்த பிறகும் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். சர்க்கரை உள்ளவர்களில் சிலருக்கு நரம்பு மரத்துப்போய், நடந்தாலும் வலி தெரிவதில்லை. மாமாவுக்கு வலித்தது ஒரு வகையில் பாக்கியம்.

நிற்க. நச்சரித்து நச்சரித்து மாமாவைக் கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, மருந்துச் சாயம் செலுத்திப் படம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து முடிவு சொல்ல வரச்சொன்ன நாளில் மாமா, அத்தை, நான் மூவரும் போனோம். டாக்டர் இளம்பெண். தமிழ்ப் பள்ளியில் படித்தவராம். அழகாகத் தமிழ் பேசினார். கணினித் திரையில் படம் ஓடியது. மார்ச் மாதத்தில் இலை உதிர்த்து நிற்கும் பால்மரக் கிளையைக் கருப்பு மையால் வரைந்து, அதை யாரோ ஆட்டுவதுபோல் இருந்தது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அந்தக் கிளை அப்படி வளைந்து நிமிர்கிறது.

"அங்கிள், இங்க பாருங்க. இது இடது பக்கத்துப் பெரிய குழாய். கொஞ்ச தூரம் போனதும் ரெண்டாப் பிரியுது. ஒண்ணு முன்பக்கம் இறங்குது, ஒண்ணு சுத்திப் பின்னால போகுது. அடைப்பு..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மாமா நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார்.

"பிரியிற எடத்துலதானே டாக்டர்? மூக்குல இருக்காது. வெளிப்பக்கத்துச் சுவர்ல இருக்கும்."

டாக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எப்படித் தெரியும் அங்கிள்?"

"முப்பது வருசம் கால்வாய் வெட்டியிருக்கேம்மா. கால்வாய் ரெண்டாப் பிரியிற எடத்துல நடு மூக்கு எப்பவும் சுத்தமா இருக்கும். தண்ணி நேரா வந்து அங்கதான் மோதும், கழுவி விட்டுடும். எதிர்க் கரையிலதான் தண்ணி சோம்பேறியாச் சுத்திக்கிட்டு நிக்கும். சேறு அங்கதான் ஒதுங்கும். மண்டோர் சொல்லவே வேணாம், மொத வெட்டு அங்கதான் போடுவோம்."

டாக்டர் ஒரு தாளை எடுத்து அந்தப் பிரிவைப் பெரிதாக வரைந்தார். மாமா சொன்ன இடத்திலேயே, வெளிச்சுவரில், பேனாவால் கறுப்புத் தீட்டினார். முன்புறக் குழாயின் தொடக்கத்தில் எண்பது விழுக்காடு. சுற்றிப் போகும் குழாயிலும் உண்டு. வலது பக்கக் குழாய் வளையும் இடத்தில், வளைவின் உட்புறத்தில், இன்னொன்று. "சரியாச் சொன்னீங்க. இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிங்களுக்கு ரொம்ப நாள் ஆச்சு" என்றார்.

அவர் முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை என்பது பிறகு படித்தபோது எனக்குத் தெரிந்தது. இத்தாலி நாட்டு ஓவியர் லியொனார்டோ டா வின்சி, 1507, 1508 வாக்கில் பிளாரன்ஸ் நகர மருத்துவமனையில், நூறு வயது தாண்டிவிட்டதாகச் சொல்லிக்கொண்ட ஒரு கிழவர் அமைதியாக உயிர்விட்டதைப் பார்த்து, அவர் உடலை அறுத்து ஆராய்ந்தார். கிழவரின் குழாய்கள் தடித்துக் கோணிக் குறுகியிருந்தன. இரண்டு வயதுக் குழந்தையின் குழாய்களோ இதற்கு நேர்மாறு என்று எழுதிவைத்தார். ஆற்று நீரின் சுழிகளை வரைவதில் பைத்தியமாக இருந்தவர் அவர். இரத்தக் குழாயையும் ஆறாகவே பார்த்தார்.

ஆனால் அடைப்பு ஏன் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் என்பது அதற்குப் பின் நானூறு ஆண்டுகளுக்கு மேல் தீராத கேள்வி. 1960-களில்கூட, இரத்தம் வேகமாக மோதும் இடத்தில் சுவர் தேய்ந்து புண்ணாகிறது, அந்தப் புண்ணில்தான் கொழுப்பு ஒட்டுகிறது என்று பலர் எண்ணினார்கள். கேட்டால் நியாயமாகத்தான் படும். 1969-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த காலின் காரோவும் அவருடைய தோழர்களும் இதற்கு நேர் எதிரான முடிவை வெளியிட்டார்கள். கொழுப்புத் திட்டுகள் தொடங்குவது இரத்தம் வேகமாக உரசும் சுவரில் அன்று; மெதுவாக, ஏனோதானோவென்று நகரும் சுவரில்தான். காப்பார் தோட்டத்தில் எந்தக் கால்வாய்க்காரரைக் கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பார்!

1985-இல் அமெரிக்காவில் டேவிட் கூ முதலியோர் கழுத்துக் குழாய் பிரியும் இடத்தை ஆராய்ந்து இன்னொன்றைச் சேர்த்தார்கள். மெதுவாக ஓடுவது மட்டுமன்று, ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் முன்னே போய்ப் பின்னே திரும்பும் இடங்களே அதிகம் அடைக்கின்றன என்றார்கள். கடல் ஏறி இறங்கும் கால்வாயைப் போல. மூளைக்குப் போகும் இந்தக் கழுத்துக் குழாய் அடைத்தால் பக்கவாதம். ஆக, ஒரே கதைதான், ஊர்தான் வேறு.

சோம்பேறி இரத்தம் சுவரை என்ன செய்கிறது? குழாயின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காகச் செல்கள் பதிந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய தரைவிரிப்பு. இரத்தம் சீராக, ஒரே திசையில் ஓடும் இடங்களில் அந்தச் செல்கள் காற்றில் சாய்ந்த லாலான் புல்லைப்போல் ஓட்டத்தின் திசையில் நீண்டு வரிசையாகப் படுத்திருக்கும். இரத்தம் உரசுவதே அவற்றுக்கு உற்சாகம். நைட்ரிக் ஆக்சைடு என்ற ஒரு வாயுவைச் சுரந்து, குழாயைத் தளர்வாகவும் வழவழப்பாகவும் வைத்துக்கொள்ளும். (இந்த வாயுவின் வேலையைக் கண்டுபிடித்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. வாயு என்று மாமா சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.) சுழல் விழும் இடங்களில் செல்களுக்கு எந்தப் பக்கம் படுப்பது என்றே தெரியாது. கூழாங்கல் கொட்டியதுபோல் தாறுமாறாக நிற்கும். வாயுச் சுரப்பு குறையும். இடுக்குகள் வழியே கெட்ட கொழுப்பு சுவருக்குள் நுழையும். அதைத் தின்னப் போகும் வெள்ளை அணுக்கள் உள்ளேயே செத்துக் குவியும். ஆக, அடைப்பு என்பது குழாய்க்குள் ஒட்டிய அழுக்கு அன்று. சுவருக்குள் வளர்ந்த கட்டி. இதனால்தான் சமையலறைக் குழாய் உவமை நம்மை ஏமாற்றுகிறது. வெந்நீர் ஊற்றிக் கழுவிவிடலாம் என்ற எண்ணத்தை அது தருகிறது.

அந்த எண்ணத்தை விற்றுப் பணம் பண்ணுகிறவர்களும் உண்டு. திரும்பும் வழியில் அந்தப் பேச்சுத்தான்.

மூன்று குழாயிலும் அடைப்பு, கூடவே சர்க்கரை. ஆகவே நெஞ்சைத் திறந்து பைபாஸ் ஆபரேஷன் செய்வதே நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தித்திவங்சாவில் ரயிலேறி, மஸ்ஜித் ஜாமேக்கில் வேறு ரயிலுக்கு மாற இறங்கினோம். அத்தை ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாமா நிலையத்தை விட்டு வெளியே வந்து, கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். 1857-இல் ஈயம் தோண்ட வந்தவர்கள் இந்தப் பக்கமாக வந்து இறங்கியதில் பிறந்த ஊர் இது. சேறான ஆற்றுக்கூடல் என்பதுதானே கோலாலம்பூர் என்ற பெயருக்குச் சொல்லப்படும் பொருள். "பேர் வெச்சவனுக்குத் தண்ணியப் பத்தித் தெரிஞ்சிருக்கு" என்றார் மாமா. நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்த மனிதர்!

பிரிக்பீல்ட்ஸில் இறங்கி வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் அத்தை அழத் தொடங்கினார். பிறகு பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். யாரோ தெரிந்தவர் கொடுத்த பொடியாம். நூற்று எண்பது வெள்ளி. மூன்று மாதம் வெறும் வயிற்றில் குடித்தால் அடைப்பு கரைந்து வெளியேறிவிடுமாம், கத்தி வேண்டாமாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் மாமாதான் பதில் சொன்னார். "இந்தா பாரு, அம்பிகா மாதிரி அழாத. கரையிலயே கலந்துபோன சேறு, மேல மருந்து ஊத்துனா கரையுமா? அந்தப் பொண்ணு என்ன சொல்லுது? அடைச்ச எடத்தத் தோண்டல. அதுக்குக் கீழ புதுசா ஒரு கால்வாய் வெட்டி இணைக்குது. நாங்க செஞ்ச வேலதான் அது."

பைபாஸ் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. மாமா சொன்னதோடு ஒன்று சேர்க்கவேண்டும். மார்பெலும்புக்கு உட்புறமாக ஓடும் ஒரு குழாய் உண்டு. நீளமாக, அதிகம் வளையாமல் ஓடுவது. என்ன காரணத்தாலோ, அது மட்டும் கொழுப்புத் திட்டுக்கு அவ்வளவு எளிதில் இடங்கொடுப்பதில்லை. அதன் செல்கள் நைட்ரிக் ஆக்சைடை தாராளமாகச் சுரப்பதும் ஒரு காரணம் என்கிறார்கள். அதைத்தான் திருப்பிவிட்டு முன்புறக் குழாயில், அடைப்புக்குக் கீழே தைக்கிறார்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தாலும் பெரும்பாலோருக்கு அது திறந்தே இருக்கிறது. மற்ற இடங்களுக்குக் காலிலிருந்து எடுத்த நாளம். அது அவ்வளவு உழைப்பதில்லை.

பலூனும் கம்பிவலையும் வைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். 1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் என்ற டாக்டர் முதன்முதலாக இருதயக் குழாயில் பலூன் வைத்து அடைப்பை விரித்தார். இன்று கோலாலம்பூரில் அது அன்றாட வேலை. பலருக்கு அதுவே போதும். ஆனால் கிளை பிரியும் இடத்தில் வலை வைப்பது, நேரான குழாயில் வைப்பதைவிடச் சிரமமான வேலை; ஒரு கிளையைத் திறக்கப்போய் மறு கிளையின் வாய் மூடிக்கொள்ளலாம். குழாயின் வடிவம் நோயை மட்டுமன்றி, வைத்தியத்தையும் தீர்மானிக்கிறது.

அத்தை விடவில்லை. "நம்ம ஆளுங்களுக்கு ரத்தக் கொழாயே சின்னதாம். பொறவியிலேயே எழுதி வெச்சது" என்றார். இந்தப் பேச்சு எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. இதற்கும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. இந்தியர்களின் இருதயக் குழாய்கள் வெள்ளையரின் குழாய்களைவிடச் சற்றுச் சிறியவையாகத் தெரிந்தது உண்மைதான். ஆனால் உடலின் அளவையும் கணக்கில் சேர்த்தபோது, அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. சிறிய உடம்புக்குச் சிறிய குழாய், அவ்வளவுதான். குழாய் பிரியும் கோணம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. கோணம் அகன்றவர்களுக்கு அங்கே அடைப்பும் கூடுதலாக இருப்பதாகச் சில ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைக் கண்டு தலையில் கைவைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கிளையும் வளைவும் இல்லாத இருதயம் உலகில் யாருக்கும் இல்லை. எல்லோருக்கும் சந்தி உண்டு. எல்லோருக்கும் சேறு சேர்வதில்லை. 2004-இல் டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ஆய்வு, முதல் மாரடைப்புக்கான அபாயத்தில் தொண்ணூறு விழுக்காடு நாம் மாற்றக்கூடிய ஒன்பது காரணங்களில் அடங்கிவிடுகிறது என்று காட்டியது. அந்தச் சலீம் யூசுப் கேரளத்தில் பிறந்தவர். கொழுப்பு, புகை, இரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மனக்கவலை என்று போகிறது அந்தப் பட்டியல். அதே ஆய்வின் தகவல்களை வைத்து 2007-இல் வெளிவந்த கட்டுரையொன்று, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59 வயதில் என்றது. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் 18.3 விழுக்காடு, இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4. மூன்று பேரில் ஒருவர்! எழுதி வைத்த இடம் நெற்றியா, தே தாரிக் குவளையா என்பதை யோசிக்கவேண்டாமா?

2023 ஆகஸ்டில் ஆபரேஷன் நடந்தது. மாமா பிழைத்தார். முதல் ஆறு வாரம் இருமினால்கூடத் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இருமினார். ஜாகா வேலையை விட்டுவிட்டார். இப்போது தினமும் காலையில் நடக்கிறார்; தேத்தண்ணி என்றால் 'தே ஓ கோசோங்'தான். பொடிப் புட்டி என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

அந்த ஆண்டின் கடைசிப் பள்ளித் தவணையில் அவரை எங்கள் பள்ளிக்கு வரவழைத்தேன். பள்ளிக்குப் பின்னால் முழங்காலளவு கால்வாய் ஒன்று இரண்டாகப் பிரிகிறது. ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கரையில் உட்காரவைத்து, மாமா மரத்தூளைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவினார். நடுவில் விழுந்த தூள் நேராகப் போய் மூக்கில் மோதி, இரண்டு பக்கமும் பிரிந்து ஓடியது. எதிர்க்கரையோரம் விழுந்த தூள் மட்டும் சுற்றிச் சுற்றி அங்கேயே நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு வகுப்பில் ஒரு கணக்குப் போட்டோம். குழாயின் அகலம் பாதியானால், அதே அழுத்தத்தில் எவ்வளவு தண்ணீர் போகும்? "பாதி" என்றன எல்லாக் குரல்களும். பிரெஞ்சு டாக்டர் புவாசேய் 1840 வாக்கில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் விட்டு அளந்து சொன்ன விடை வேறு: பாதியின் பாதியின் பாதியின் பாதி, அதாவது 16-இல் ஒரு பங்கு. அகலத்தில் பத்தில் ஒரு பங்கு போனாலே ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பிள்ளைகள் நம்பாமல் நோட்டில் பெருக்கிப் பார்த்தார்கள். குழாய் நெடுகிலும் குறுகினால் வரும் கணக்கு இது. உடம்பில் ஒரு துண்டு மட்டுமே குறுகுகிறது, ஆகவே அவ்வளவு கடுமையாக இராது. இருந்தாலும், ஏன் பல ஆண்டு ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுக் கடைசியில் திடீரென்று முற்றுகிறது என்பது அந்தக் கணக்கில் தெரியும்.

ஒரு மாணவன் கையைத் தூக்கினான். "தாத்தா, இப்ப உங்க நெஞ்சுல சேறே இல்லியா?"

"இருக்குய்யா. பழைய எடத்துல அப்படியேதான் இருக்கு. அது ஒடஞ்சு வராம இருக்கத்தான் மாத்திரை."

இதுவும் டாக்டர் சொன்னதுதான். முழுசாக அடைத்த இடத்தைவிட, பாதிகூட அடைக்காத மெல்லிய தோல் போர்த்த திட்டு உடைந்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வரும் மாரடைப்புகளே பல. கொழுப்புக்குக் கொடுக்கும் மாத்திரை திட்டைக் கரைத்துத் தள்ளாது. ஆனால் அதன் தோலைக் கெட்டியாக்கும், கொஞ்சம் சுருக்கவும் செய்யும். 'வலி இல்லையே, எதற்கு மாத்திரை' என்று நிறுத்துகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். நெஞ்சு அழுத்தம் ஓய்ந்தும் போகாமல், வேர்வையோடு தாடைக்கோ தோளுக்கோ ஏறினால் 999-ஐ அழையுங்கள். கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏறினாலும் எனக்குச் சம்மதமே. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், அரசாங்கத்தின் ரஹ்மா உதவித்தொகை பெறும் குடும்பமென்றால், 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாக இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். மற்றவர்களுக்கு அரசாங்கக் கிளினிக் இருக்கவே இருக்கிறது, ஒரு வெள்ளிதான்.

மாமாவுக்கு இரண்டு மகன்கள். தகப்பனுக்கு இருதய நோய் என்றால் பிள்ளைகள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்த டாக்டர் போகும்போதெல்லாம் சொல்கிறார். சின்னவன் பூச்சோங்கில் இருக்கிறான். போய்ப் பார்த்தான், கொழுப்பு கூடுதல், மாத்திரை சாப்பிடுகிறான். பெரியவன் கிள்ளானில் லாரி ஓட்டுகிறான். முப்பத்தெட்டு வயது. தகப்பனின் அதே முகம், அதே நடை. சிகரெட் மட்டும் அவனுடைய சொந்தச் சம்பாத்தியம். "ஒண்ணும் இல்ல மச்சி, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறான் என்னிடம். மாமா அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத் தானே கூட வந்து கிளினிக்கில் வரிசை பிடிப்பதாக அவனிடம் சொல்லியிருக்கிறார்.